நம் அமைப்பு என்ன செய்கிறது? ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா?

ரமளானின் பிந்திய பத்தில் நம் வீட்டு மேசையைப் பார்த்தால் போதும். ரசீதுகள், துண்டறிக்கைகள், நாட்காட்டிகள். வாசலில் ஒருவர் வந்து போனார், தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஒருவர் கொடுத்தார், வாட்ஸ்அப்பில் பத்து வந்தன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: சமுதாய மேம்பாட்டுக்காக அல்லும் பகலும் பாடுபடும் அமைப்பு, தாராளமாக உதவிடுவீர்.

வீட்டில் உம்மா கேட்பார்கள்: "இதுல யாருக்குக் கொடுக்கலாம்?" நமக்குப் பதில் தெரியாது. கடைசியில், தெரிந்த முகம் எதுவோ அதற்குக் கொடுத்துவிட்டு நிம்மதி அடைகிறோம். அந்தக் குவியலில் உண்மையாக உழைக்கும் அமைப்பும் இருந்திருக்கும். அது தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாததால் நம் கண்ணில் படவில்லை.

"விளம்பரம் தேடுவது எங்கள் வேலை இல்லை. அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும்" என்று நிர்வாகிகள் சொல்வதுண்டு. நிய்யத்தைப் பொறுத்தவரை இது சரிதான். ஆனால் ஓர் அமைப்பு கையாள்வது தன் சொந்தப் பணத்தை அல்ல. கொடுத்தவருடைய அமானத்தும் பெற வேண்டியவருடைய உரிமையும் அதன் கையில் இருக்கின்றன. அந்த இருவருக்கும் விளங்கும்படி சொல்வது விளம்பரம் ஆகாது, அது கடமை.

சந்தேகம் எழும் முன்பே விளக்குதல்

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது நடந்த ஒரு நிகழ்வை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் சந்திக்க வந்தார்கள். திரும்பும்போது அவர்களை வழியனுப்ப நபியவர்களும் எழுந்து உடன் நடந்தார்கள். அந்த வழியாக வந்த அன்சாரித் தோழர்கள் இருவர் அவர்களைக் கண்டதும் வேகமாக நடையைக் கட்டினார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, தம்முடன் இருப்பவர் ஸஃபிய்யாதான் என்று விளக்கினார்கள். தோழர்கள் திகைத்துப்போனார்கள். தங்கள் உள்ளத்தில் அப்படியொரு எண்ணம் எழுமா என்று கேட்டார்கள். ஷைத்தான் உள்ளத்தில் தவறான எண்ணத்தைப் போட்டுவிடுவான் என்று அஞ்சியதாக நபியவர்கள் காரணம் சொன்னார்கள்.

மனிதர்களிலேயே மிக நம்பிக்கைக்குரியவர், யாரும் கேட்காமலேயே, இருட்டில் போன இருவரை அழைத்து விளக்கம் சொல்கிறார். பைத்துல்மாலோ அறக்கட்டளையோ நடத்தும் நாம், "எங்களை நம்பமாட்டீர்களா?" என்று கோபித்துக்கொள்வதற்கு இதில் இடமே இல்லை.

காஞ்சிபுரத்துத் தறியிலிருந்து ஒரு பாடம்

ஒரு தொண்டு நிறுவனம் தன் நோக்கத்தைத் தெளிவாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குக் காஞ்சிபுரமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது.

காஞ்சிபுரம் பட்டுப்புடவையின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனியே நெய்யப்பட்டு, பிரியாதபடி பின்னப்படும். இதற்கு நூலைச் சுமந்து ஓடும் மூன்று நாடாக்கள் தேவை. நெய்பவர் ஒருவரால் மட்டும் முடியாது. கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் பல காலம் உட்கார்ந்தது குழந்தைகள்தான். நெசவாளி முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை தறியைவிட்டு எழ முடியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரியில் இந்தியப் பட்டுத்தொழிலில் உள்ள கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், வாரணாசி ஆகியவற்றோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது. நம் வீட்டு நிக்காஹ்வுக்கு ஆசையாக எடுத்த புடவையிலும் அப்படியொரு பிள்ளையின் விரல் பட்டிருக்கலாம்.

ஹேண்ட் இன் ஹேண்ட் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் காஞ்சிபுரத்தில் தன் பணியைத் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் கல்பனா சங்கர். ஸ்வீடனைச் சேர்ந்த தொழிலதிபர் பெர்சி பார்னவிக் பின்னர் அதற்குத் துணை நின்றார். இன்று அது பல துறைகளில் இயங்கும் பெரிய நிறுவனம். ஆனால் தொடக்கத்தில் அது கையில் எடுத்த வேலை யாருக்கும் விளங்கக்கூடியது: தறியில் இருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது.

இந்த ஒரு வரியை நெசவாளியின் வீட்டில் சொல்லலாம், மாவட்ட ஆட்சியரிடம் சொல்லலாம், காஞ்சிபுரத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஸ்வீடன்காரரிடமும் சொல்லலாம். மூவருக்கும் ஒரே பொருள்தான் கிடைக்கும். நடந்ததா இல்லையா என்று பார்ப்பதும் எளிது: பிள்ளை தறியில் இருக்கிறதா, வகுப்பில் இருக்கிறதா?

அந்த நெசவாளி கேட்கக்கூடிய அடுத்த கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை பள்ளிக்கூடம் போனால் கடனை யார் அடைப்பது?" இதற்குப் பதில் இல்லாமல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு பற்றிப் பேசுவது வெறும் பேச்சு. பெண்களுக்கான சுயஉதவிக் குழுக்கள், தாய்க்கு ஒரு வருமானம், நீண்ட நாள் படிப்பை விட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி மையங்கள் என்று அந்த நிறுவனத்தின் வேலை விரிந்ததை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். ஒரு கிளை ஏன் முளைத்தது என்பதை வேரைக் காட்டிச் சொல்ல முடிகிறது. காஞ்சிபுரத்தில் மாற்றம் வந்ததற்கு அந்த ஒரு நிறுவனம் மட்டும் காரணம் அல்ல. அரசின் திட்டங்களும் சட்டங்களும் வேறு பல அமைப்புகளும் உழைத்தன. குழுக்கடனில் வட்டி இருப்பதால் அந்த வழியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் நோக்கத்தை எப்படிச் சொல்வது என்பதை அங்கிருந்து தாராளமாகக் கற்கலாம்.

நான்கு கேள்விகள்

காஞ்சிபுரத்தில் புடவை எடுக்கப் போனால் நாம் என்னென்ன கேட்கிறோம்? கோர்வையா, ஜரிகை எப்படிப்பட்டது, அசல் பட்டுதானா? வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்காகவே மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் சில்க் மார்க் முத்திரையைக் கொண்டுவந்தது. அடுத்து 2005-06 காலத்தில் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. புடவைக்கு இவ்வளவு கேட்கும் நாம், ஜகாத்தைக் கொடுக்கும்போது ஒன்றும் கேட்பதில்லை. கேட்காத இடத்திலும் ஓர் அமைப்பு தானாகச் சொல்ல வேண்டிய விஷயங்கள் நான்கு.

ஒன்று, யாருக்காக? "ஏழை எளியோருக்காக" என்பது போதாது. எந்த ஊர், எந்த நிலையில் உள்ளவர், எந்த வயதினர்?

இரண்டு, என்ன செய்கிறோம்? "உதவுகிறோம்" என்றால் பணமா, பொருளா, பயிற்சியா, கடனா?

மூன்று, அதனால் என்ன மாறுகிறது? பள்ளி திறக்கும் நாளில் நூறு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம் என்பது நாம் செய்த வேலையைச் சொல்கிறது. அந்த நூறு பேரில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் படிப்பைத் தொடர்கிறார்கள் என்பதுதான் அதன் பயன். பெரும்பாலான ஆண்டறிக்கைகள் முதல் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

நான்கு, எதைச் செய்வதில்லை? இதைச் சொல்லத்தான் தயக்கம் அதிகம். கல்விக்கென்று தொடங்கிய அமைப்பிடம் ஒருவர் அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு வருகிறார். முடியாது என்று சொல்ல மனம் வருவதில்லை. இரண்டு ஆண்டுகளில் கல்வி, மருத்துவம், திருமணம், ஜனாஸா என்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. எதற்கும் முழுதாகப் பணம் இருப்பதில்லை. "இது எங்கள் வேலை அல்ல, ஆனால் இந்த உதவியை இன்ன இடத்தில் கேளுங்கள்" என்று சரியான முகவரியைக் கொடுப்பதும் உதவிதான்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்: "காஞ்சிபுரம் நகரில் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை, பள்ளிக் கட்டணத்தை நேரடியாகப் பள்ளிக்கே செலுத்துகிறோம். பிள்ளை இடையில் நின்றுவிட்டால் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்கிறோம்." இரண்டே வாக்கியங்கள். இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. படிப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பகுதி, எந்த மக்கள், என்ன வேலை என்பதெல்லாம் பெயரிலேயே இருந்தது. 1951-இல் சென்னையில் நியூ காலேஜ் உருவானபோது, அந்தச் சங்கம் எதற்காக இருக்கிறது என்று யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்.

உதவி தேவைப்படுபவருக்குத் தெரியுமா?

அமைப்பின் விளக்கம் என்றதும் கொடுப்பவரைத்தான் நினைக்கிறோம். பெற வேண்டியவரை மறந்துவிடுகிறோம்.

கேட்டுப் பெறத் தயங்கும் ஏழைகளைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 273-ஆம் வசனம் பேசுகிறது. அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, நிலைமை அறியாதவர் அவர்களை வசதி படைத்தவர்கள் என்றே எண்ணிவிடுவார். இப்படிப்பட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள். நாம்தான் அவர்கள் காதில் போட வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? கணவரை இழந்த பெண்களுக்கு மாத உதவி என்று அறிவிப்பு எழுதி, பள்ளிவாசலின் ஆண்கள் ஒளூச் செய்யும் இடத்துக்கு மேலே ஒட்டுகிறோம். ஜும்ஆவுக்குப் பின் ஒலிபெருக்கியில் ஒருமுறை வாசிக்கிறோம். யாருக்கான உதவியோ அந்தப் பெண் பள்ளிவாசலுக்கு வருவதில்லை. இத்தாவில் இருப்பவர் வீட்டைவிட்டே வெளிவருவதில்லை. வீட்டில் ஆண் துணை இல்லாததால்தான் அவருக்கு உதவி தேவைப்படுகிறது; ஆண் ஒருவர் போய்ப் படித்துச் சொன்னால்தான் அந்த உதவி இருப்பதே அவருக்குத் தெரியும். இந்த முரண்பாட்டை நாம் கவனிப்பதே இல்லை.

பெண்கள் மதரஸாவின் ஆலிமா வழியாக, பெண்கள் பயானில், பள்ளி ஆசிரியை மூலமாகச் சொன்னால் அந்த வீட்டை எட்டும். காஞ்சிபுரம் போன்ற வடமாவட்ட ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் உருது பேசும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஒலிமுகமதுபேட்டை போன்ற பகுதிகளில் ஒரு செய்தியை இரண்டு மொழியிலும் வாய்விட்டுச் சொன்னால்தான் முழுமையாகப் போய்ச் சேரும். விண்ணப்பிக்க என்னென்ன ஆவணம் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும், பெயர் வெளியே தெரியுமா என்ற நான்கும் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாததாலேயே பலர் விண்ணப்பிப்பதில்லை.

கணக்கைச் சொல்லும் முறை

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துச் சொன்னார். நபியவர்கள் அதைத் தனியே கண்டித்து விட்டுவிடவில்லை. மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன் கேட்டார்கள். பொதுப்பணத்தின் கணக்கு பொதுவில் பேசப்பட வேண்டியது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டியதில்லை.

ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ளவர்கள் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் வரையறுக்கிறது. ஆகவே ஜகாத் பணத்தை ஸதகாவோடு கலந்துவிட்டுப் பிறகு கட்டடத்துக்குச் செலவழிக்க முடியாது. ஃபித்ரா பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவரைச் சேர வேண்டும். ஜகாத் எவ்வளவு வந்தது, ஸதகா எவ்வளவு, ஃபித்ரா எவ்வளவு, ஒவ்வொன்றும் எங்கே போனது, மீதம் எவ்வளவு என்பதை ஒரே தாளில் எழுதி ஒட்டிவிட்டால் பாதிக் கேள்விகள் எழாமலே போய்விடும்.

நிர்வாகச் செலவைச் சொல்லப் பல அமைப்புகள் கூச்சப்படுகின்றன. "ஒரு பைசாகூட நிர்வாகத்துக்கு எடுப்பதில்லை" என்று அறிவிக்கிறார்கள். அப்படியானால் ஆடிட்டருக்குப் பணம் யார் தருகிறார்? அலுவலக வாடகை? நிர்வாகிகள் தம் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள் என்றால் அதையே எழுதலாம். அந்த எட்டு வகையினரில் ஜகாத்தை வசூலித்து நிர்வகிக்கும் பணியாளரும் ஒரு வகை. ஆக, வேலைக்கு ஊதியம் என்பது மறைக்க வேண்டிய விஷயம் அல்ல. எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும், உலமாக்களிடம் கேட்டு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளிடம் நன்கொடை கேட்கும் அமைப்புகள் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் நம் ஊர்க்காரரே ஆனாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கான அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. அந்தப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடும் உச்சவரம்பையும் 2020-இல் வந்த திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்துவிட்டது. இதையெல்லாம் நன்கொடை கேட்கும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் கொடுப்பவருக்கும் பாதுகாப்பு, அமைப்புக்கும் பாதுகாப்பு.

சில முயற்சிகள் தோற்கும். தையல் பயிற்சி கொடுத்திருப்போம். முடித்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் மெஷின் இல்லாமல் மறந்துபோயிருப்பார்கள். அதையும் எழுதலாம். "இந்த ஆண்டு இது சரியாக அமையவில்லை, அடுத்த ஆண்டு பயிற்சியோடு மெஷினும் தரத் திட்டமிடுகிறோம்" என்று படிக்கும் ஒருவருக்கு நம்பிக்கை கூடும்.

படம் எடுப்பதற்கு முன்

வேலையைக் காட்ட வேண்டும் என்றதும் கை கேமராவுக்குப் போகிறது. அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடி நிர்வாகிகள் ஐந்து பேர், மறுமுனையில் தலை குனிந்த ஒரு தாய். அந்தப் படம் ஊர்க் குழுக்களில் எல்லாம் சுற்றுகிறது. அவருடைய மகள் படிக்கும் வகுப்பிலும் சுற்றுகிறது.

சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்கிவிட வேண்டாம் என்று அல்பகராவின் 264-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அதே அத்தியாயத்தின் 271-ஆம் வசனம், தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே என்றும், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது: வேலையை வெளிப்படையாகச் சொல்லலாம், ஆளை மறைக்கலாம். எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தொகை, எந்த மாதம் என்பதை எழுதினால் போதும். முகம் தேவையில்லை. படம் இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள் என்று தோன்றினால், கணக்கை இன்னும் தெளிவாக எழுத வேண்டும் என்று பொருள்.

கோயில் நகரத்தில் நம் அண்டை வீட்டார்

காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் கோயில்களுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வரும் ஊர் காஞ்சிபுரம். பள்ளிவாசலும் மதரஸாவும் அதே ஊரில்தான் இருக்கின்றன. நம் பைத்துல்மாலின் பெயர்ப்பலகையைப் பார்க்கும் இந்துச் சகோதரருக்கு அது என்னவென்று தெரியாது. அரபுச் சொல், உள்ளே பத்துப் பேர் போய் வருகிறார்கள். தெரியாத இடத்தைக் கற்பனை நிரப்பும். இன்றைய சூழலில் அந்தக் கற்பனை நமக்குச் சாதகமாக இருக்காது. பெயருக்குக் கீழே எளிய தமிழில் ஒரு வரி போதும்: "ஏழைகளுக்கான உதவி நிதியகம் – மருத்துவ உதவி, கல்வி உதவி, வட்டியில்லாக் கடன்."

செயலே பேசிய இடங்களும் உண்டு. தமுமுக ஆம்புலன்ஸும் தவ்ஹீத் ஜமாஅத்தின் இரத்ததான முகாம்களும் எதற்கென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகளிலும் முஸ்லிம் இளைஞர்கள் இறங்கி வேலை செய்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களைத் தொடவே ஊர் அஞ்சியபோது, மதம் பாராமல் அடக்கம் செய்தார்கள். யாருக்குத் தேவையோ அவருக்கு என்பது அப்போது சொல்லாமலே விளங்கியது.

யாருக்காக என்பதில் சட்டமும் குறுக்கிடுகிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தினரின் நலனுக்கு மட்டும் என்று நோக்கத்தை எழுதிப் பதிவு செய்த அமைப்புக்கு, 80ஜி என்று நாம் அறிந்த வரிச்சலுகை பொதுவாகக் கிடைக்காது. ஜகாத்துக்கு ஓர் அமைப்பு, அனைவருக்குமான கல்வி மருத்துவப் பணிக்கு வேறொரு அறக்கட்டளை என்று பிரிப்பதா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே ஆடிட்டரோடும் வழக்கறிஞரோடும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதிய நோக்கமும் துண்டறிக்கையில் எழுதிய நோக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது.

குடும்பங்கள் செய்யக்கூடியது

நிர்வாகிகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. கேள்வி கேட்பதை அவமதிப்பாக எண்ணும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அடுத்த முறை ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தால், உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்போம்: யாருக்கு, என்ன, போன ஆண்டு என்ன மாறியது? நன்றாகப் பதில் சொல்பவருக்குக் கொடுப்போம். பதில் சொல்லத் தெரியாமல், ஆனால் நல்ல வேலை செய்பவராகத் தெரிந்தால், நம் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளையை அனுப்பி அந்த ஒரு பக்க அறிக்கையை எழுதிக் கொடுக்கச் சொல்வோம். அதுவும் ஸதகாதான்.

நிர்வாகிகள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் அமைப்பைப் பற்றி உங்கள் வீட்டில் உள்ள உம்மாவிடம் ஒரு நிமிடம் சொல்லுங்கள். மறுநாள், அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண், "எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு இருக்கு, அவங்களுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டால், உங்கள் நோக்கம் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வீட்டின் கதவைத்தான் நீங்கள் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

நம் கையில் உள்ள அமானத்தை உரியவரிடம் சேர்க்கும் ஆற்றலையும், அதைத் தெளிவாகச் சொல்லும் நாவையும் அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.